பேதிக்கு முன்னால் கேட்ட கேள்விகள்

(சங்கத்தின் மூத்தோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. ‘பேசினபடியே எழுதித் தாருங்கோ’ என்று மலர்க் குழுவினர் கேட்டதற்கிணங்க எழுதப்பட்டது.)



செயலாளர் தம்பி எனக்குத் தந்த தலைப்பு ‘ஆயுர்வேத முறையில் உள்ளுடற் சுத்தியும் நல்ல சமிபாடும்’. என்னை ஏன் பிடித்தவர் என்றால், என்ரை அம்மாவின் தகப்பன் வலிகாமத்திலே ஒரு பரம்பரைப் பரியாரியார். நானோ இந்த ஜெர்சி சிட்டியிலே இருபத்தாறு வருஷமாக மருந்துக்கடை ஒன்றிலே குளிசை எண்ணிப் போத்தலில் அடைத்துக் கொடுத்தவள். இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் என்று தம்பிக்கு ஒரு நினைப்பு. நான் பரியாரியுமில்லை, டொக்டருமில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

சித்திரை வருஷப்பிறப்பு வருகிறது. ஊரிலே என்றால் கோயிலில் மருத்துநீர் வாங்கிவந்து, தலையிலே தேய்த்து முழுகுவோம். அது வெளிச்சுத்தி. பிறகு பலகாரம், பாயாசம், வடை, மச்சக்காரருக்கு அடுத்த நாள் ஆட்டிறைச்சி. இவ்வளவும் உள்ளே போனபின் ‘வயித்தையும் ஒருக்கால் கழுவ வேணும்’ என்ற கதை வரும். இங்கேயும் வருகிறது. நியூவார்க் அவெனியூவில் இந்தியக் கடைகளுக்குப் போனால் ‘குடற்சுத்தி’, ‘பதினைந்து நாளில் நச்சு நீக்கம்’ என்று விதவிதமான பக்கற்றுகள். போன கிழமை ஒரு அக்கா எனக்கு ரெலிபோன் எடுத்து, “பிள்ளை, இதிலை எது திறம்?” என்று கேட்டவ. அந்தக் கேள்விக்குத்தான் இண்டைக்குப் பதில் சொல்லப் போகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதலில் அம்மப்பாவின் திண்ணைக்குப் போவோம்.

விடிய ஆறு மணிக்கே ஆட்கள் வந்து குந்தியிருப்பினம். “பரியாரியார், வயிறு மந்தம், ஒரு பேதி தாருங்கோ” என்பார் ஒருவர். அம்மப்பா உடனே மருந்துப் பெட்டியைத் திறக்க மாட்டார். எத்தனை நாளாய் வெளிக்குப் போகேல்லை? போனால் என்ன நிறம்? சளி பட்டதோ, இரத்தம் பட்டதோ? பசி எடுத்துத்தான் சாப்பிடுகிறாயோ, நேரம் வந்ததெண்டு சாப்பிடுகிறாயோ? நித்திரை எப்படி? உடம்பு மெலிஞ்சுதோ? நாக்கை நீட்டு. பிறகு கையைப் பிடித்து நாடி. வந்தவள் இளம் பெண்பிள்ளை என்றால் அம்மம்மா உள்ளே கூட்டிக்கொண்டு போய், குளிச்சு எத்தனை நாள் என்று காதுக்குள்ளே கேட்பா. இவ்வளவும் முடிந்தபின், வந்தவரில் பாதிப்பேரை “உனக்குப் பேதி வேண்டாம், இரண்டு நாளைக்குக் கஞ்சி குடி, கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவிச்சுக் குடி” என்று அனுப்பிவிடுவார். பேதி கேட்டு வந்தவருக்குக் கஞ்சி சொன்னால் அவர் முகம் சுருங்கும். காசு கொடுக்கவும் மனம் வராது. அம்மப்பா கவலைப்பட்டதில்லை.

பேதி என்று முடிவானால் அது ஒரு சடங்கு மாதிரி. மூன்று நாளைக்கு முன்பிருந்தே லேசான சாப்பாடு, எண்ணெய் முழுக்கு, சுடுதண்ணீர். அன்றைக்கு வெறுவயிற்றிலே ஆமணக்கெண்ணெய், அல்லது கடுக்காயும் நிலாவாரையும் சேர்ந்த குடிநீர். பிள்ளைகளான எங்களுக்கு மூக்கைப் பொத்திப் பிடித்துத்தான் பருக்குவினம். கிணற்றடியிலே ஒருவர் எத்தனை தரம் என்று எண்ணிக்கொண்டு நிற்க வேணும். கூடிப் போனால் மோர். மத்தியானம் தயிர்ச்சோறு. பகல் நித்திரை கூடாது, வெயில் கூடாது. பின்னேரம் தண்ணிக் கஞ்சி, அடுத்த நாள் குழையலாய்ச் சோறும் பருப்புத் தண்ணியும், அதற்கு மறுநாள்தான் கறி. ஆயுர்வேத நூல்களும் இந்த ஒழுங்கைத்தான் சொல்கின்றன. பேதியால் வயிற்றுத் தீ அணைகிற நிலைக்கு வந்துவிடும், அதனாலே மெல்லிய கஞ்சி, தடித்த கஞ்சி, பயற்றுச் சாறு என்று படிப்படியாகத் தீயை மூட்ட வேணும். இங்கே விற்கிற பக்கற்றிலே இந்தப் பின்பாதி கிடையாது. பேதி மட்டும் உண்டு.

தேரையரின் பெயரால் வழங்கும் பிணியணுகா விதியிலே நாலு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து என்று வருகிறது. பலர் இதை நெட்டுரு பண்ணி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே பாட்டுகளிலே எப்படிச் சாப்பிடுவது, எப்படி நித்திரை கொள்வது என்று நாளாந்த ஒழுக்கம்தான் கூடுதலாய் இருக்கிறது. அதை ஒருவரும் நெட்டுரு பண்ணவில்லை! திருவள்ளுவரையும் பாருங்கோ. ‘மருந்து’ என்று அதிகாரம் வைத்துவிட்டு, பத்துக் குறளிலே ஆறு குறளில் சாப்பாட்டைப் பற்றியே சொல்கிறார்.

ஊரிலே பேதிக்கு ஒரு நியாயமும் இருந்தது. புழு. வெறுங்காலோடு தோட்டத்துக்குள்ளே நடந்த சனம் நாங்கள். கொழுக்கிப்புழு காலாலே ஏறும், வட்டப்புழு வாயாலே போகும். 1916 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் றொக்கஃபெல்லர் நிறுவனமே இலங்கைக்கு வந்து, தேயிலைத் தோட்டங்களில் எங்கடை மலையகச் சனத்திடையே கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. அந்தக் காலத்துப் புழு மருந்தோடு பேதியும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையிலே ஆமணக்கெண்ணெய் பருக்கின வழக்கத்துக்குப் பின்னால் இருந்தது இந்தப் புழுதான். இன்றைக்கு ஒரு அல்பென்டசோல் குளிசை அந்த வேலையைச் செய்யும். ஜெர்சி சிட்டியிலே சப்பாத்தோடு கொங்கிறீற்றிலே நடக்கிற எங்களுக்கு அந்த நியாயமே இல்லை.

‘குடலிலே வருஷக்கணக்காய் அழுக்குப் படிந்து கிடக்கு’ என்று பக்கற்றிலே எழுதியிருப்பார்கள். குடலின் உட்தோல் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் தானே உதிர்ந்து புதிதாய் முளைக்கிறது. உதிர்கிற சுவரிலே எதைப் பூசினாலும் நிற்குமோ? குழாய்க் கமரா விட்டுப் பார்க்கிற டொக்டர்மார் தினமும் உள்ளே பார்க்கிறார்கள், அப்படி ஒரு படிவு அங்கே இல்லை. இந்தப் பயித்தியம் எங்களுக்கு மட்டும் என்று நினைக்காதையுங்கோ. கோர்ன் ஃபிளேக்ஸ் கெலொக் குடும்பத்து மூத்தவர், டொக்டர் ஜோன் ஹார்வி கெலொக், மிச்சிகனிலே பற்றில் கிறீக் என்ற ஊரில் பெரிய ஆரோக்கிய நிலையம் நடத்தி, வந்த பணக்காரருக்கெல்லாம் யந்திரம் வைத்துக் குடல் கழுவினவர். லண்டனிலே சேர் ஆர்பத்நொட் லேன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒருபடி மேலே போய், மலச்சிக்கல் உடம்பை நஞ்சாக்குகிறது என்று பெருங்குடலையே வெட்டி எடுத்தவர். வெள்ளைக்காரன் நூறு வருஷத்துக்கு முந்திக் கைவிட்ட கதையைத்தான் இப்போது ஆயுர்வேதம் என்று உறை போட்டு எங்களுக்கு விற்கிறார்கள்.

இனி, நான் இதைப் பேச ஒத்துக்கொண்ட காரணத்தைச் சொல்ல வேணும்.

என்ரை அண்ணையை உங்களில் பலருக்குத் தெரியும். பெற்றோல் நிலையத்திலே வேலை. நியூ ஜெர்சியிலே வாகனக்காரர் தாங்களே பெற்றோல் அடிக்கக் கூடாது என்று 1949 இலிருந்து சட்டம். அந்தச் சட்டத்தின் புண்ணியத்திலேதான் எங்கடை ஆட்களில் எத்தனையோ பேர் இந்த நாட்டில் முதல் சம்பளம் கண்டவர்கள். பன்னிரண்டு மணித்தியாலம் நின்ற வேலை. அண்ணைக்கு வெளிக்குப் போகும்போது இரத்தம் பட்டது. ‘மூலச்சூடு’ என்றார். நானும் சூடுதான் என்று நினைத்தேன். பழக்கமான ஒரு கடையிலே குடற்சுத்திப் பொடி வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் கொடுத்தது நான்தான், வேறு ஒருவருமில்லை. குடித்தால் இரண்டு நாள் வயிறு லேசாகும், அவருக்குச் சந்தோஷம். மாதம் ஒருமுறை என்று இரண்டு வருஷம் குடித்தார். இடையிலே ஒரு டொக்டரிடம் போய் ‘பொடி ஹீற்’ என்று சொல்லியிருக்கிறார். அவர் காய்ச்சல் என்று நினைத்து வெப்பமானியை வாயிலே வைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை என்று அனுப்பிவிட்டார்! கடைசியிலே மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியபோதுதான் இரத்தம் சோதித்தார்கள். அதற்குள்ளே பெருங்குடலிலே வந்த புற்றுநோய் ஈரலுக்கும் போய்விட்டது. ஏழு மாதம் இருந்தார். அறுபது வயது முடியவில்லை.

அந்திரட்டி முடிந்த பிறகு, அம்மப்பாவின் பெயரைச் சொல்லிச் சொல்லித்தானே இதைச் செய்தேன் என்று எனக்கு மனம் ஆறவில்லை. சரக சங்கிதையின் தமிழ் விளக்கம் ஒன்றை எடுத்து வாசித்தேன். சித்தித்தானம் என்ற பகுதியிலே, எவருக்குப் பேதி கொடுக்கக் கூடாது என்று நீளமாகச் சொல்லியிருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சி, சிறுபிள்ளை, முதியவர், மெலிந்தவர், வயிற்றுத் தீ குறைந்தவர். அதிலே ஒன்று, கீழ்வழியாக இரத்தம் போகிறவர்.

கீழ்வழியாக இரத்தம் போகிறவருக்குப் பேதி கூடாது! இரண்டாயிரம் வருஷப் பழைய நூலிலே இருக்கிறது. ‘இரத்தம் பட்டதோ?’ என்று அம்மப்பா ஒவ்வொருவரையும் கேட்டது அதற்காகத்தான். நான் அந்தத் திண்ணையிலே விளையாடிக்கொண்டு அந்தக் கேள்வியை நூறு தரம் கேட்டவள். என் தமையனிடம் கேட்கவில்லை. மருந்தின் பெயர் ஞாபகமிருந்தது, கேள்வி ஞாபகமில்லை.

பக்கற்றுக்கு வாயில்லை, அது ஒன்றும் கேட்காது. காசு கொடுத்தால் சரி. நியூ ஜெர்சியிலே ஆயுர்வேத வைத்தியருக்கென்று மாநில அனுமதிப்பத்திரம் கிடையாது, எவரும் பெயர்ப்பலகை மாட்டலாம். ஊரிலே கைதடியில் சித்த மருத்துவம் வருஷக்கணக்காய்ப் படித்து வெளிவருகிறவர்கள் வேறு, இங்கே வார விடுமுறையில் வகுப்புக்குப் போய்விட்டு ஆலோசனை சொல்பவர்கள் வேறு. 1994 ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படிப்பட்ட பொடிகளைச் சந்தைக்கு விடுமுன் அரசாங்கத்திடம் அனுமதி எடுக்கத் தேவையில்லை.

உள்ளே என்ன இருக்கிறதென்று தேடினவர்கள் இருக்கிறார்கள். 2004 இல் வெளியான ஆய்வொன்றுக்காகப் பொஸ்ரன் சுற்றாடல் தெற்காசியக் கடைகளிலே வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14 இலே ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றிலே ஒன்றோ பலவோ இருந்தன. 2011-2012 காலத்திலே ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயோர்க் நகரச் சுகாதாரத் திணைக்களம் கர்ப்பிணிகள் ஆறு பேரின் இரத்தத்திலே ஈயம் கண்டு விசாரித்தபோது, அவர்கள் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேதக் குளிசைகள் எடுத்தவர்கள் என்று தெரியவந்தது. சில மருந்துகளில் இது தற்செயலாய்க் கலந்தது, சிலதில் பஸ்பம், செந்தூரம் என்று தெரிந்தே சேர்ப்பது. ஈயம் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும், பிள்ளையின் மூளையைத் தாக்கும். ஏற்கெனவே குடித்திருந்தால் பயப்பட்டு ஒளிக்க வேண்டாம், இரத்தத்திலே ஈயம் பார்க்கச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கோ, சாதாரண இரத்தச் சோதனைதான்.

ஈயம் இல்லாத சுத்தமான மூலிகை என்றாலும் பேதி பேதிதான். நிலாவாரையைப் பாருங்கோ. இங்கே பார்மசியிலே ‘செனொகொட்’ என்று விற்கிற குளிசை அதே இனம். மருந்து நூல்களிலே ‘தின்னவேலி சென்னா’ என்றே பெயர், எங்கடை திருநெல்வேலிச் சீமையின் பெயர்தான். பெருங்குடலிலே உள்ள கிருமிகள் அதை மாற்றினபிறகுதான் வேலை செய்யும், ஆறிலிருந்து பன்னிரண்டு மணித்தியாலம் எடுக்கும். இடைக்கிடை எடுத்தால் பெரிய பாதகமில்லை. கிழமைக்கணக்காய் எடுத்தால் தண்ணீரோடு பொற்றாசியமும் போகும். பிறஷருக்குத் தண்ணீர்க் குளிசை எடுப்பவருக்கு அதுவும் பொற்றாசியத்தைக் குறைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கால் தசை பிடிக்கும், நெஞ்சு படபடக்கும், தலை சுற்றி விழுவார்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் பேதி குடித்துப் பட்டினி கிடந்தால் சீனி இறங்கி மயக்கம் வரும். சிறுநீரகம் பழுதானவருக்குச் சொல்லவே வேண்டாம். அம்மப்பாவின் காலத்துக் கிழவருக்குப் பிறஷர்க் குளிசை இல்லை. இந்த மண்டபத்திலே குளிசைப் பெட்டி இல்லாத கைப்பை எத்தனை?

சரி, அப்ப மலச்சிக்கலுக்கு என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். பெற்றோல் நிலையத்துத் தம்பிமாரிடமிருந்து தொடங்குவோம். கூண்டை விட்டுப் போக ஏலாது என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்கள். வருகிற உணர்ச்சியை ஆறு மணித்தியாலம் அடக்குகிறீர்கள். சித்த வைத்தியத்திலே அடக்கக் கூடாத வேகங்கள் பதினாலு என்று கணக்கு, ஆயுர்வேதத்திலே பதின்மூன்று, மலமும் சலமும் இரண்டு கணக்கிலேயும் உண்டு. அடக்க அடக்கக் குடல் கூப்பிடுவதை விட்டுவிடும். காலையிலே கோப்பியும் டோனற்றும், இரவு பத்து மணிக்கு ஒரு கோப்பை நிறைய வெள்ளைச் சோறு. தடுப்பு நிலையத்திலே மாதக்கணக்காய் இருந்து வந்த தம்பிமாருக்கு இன்னும் மோசம். அங்கே வந்த வயிற்றுக் கோளாறு வெளியே வந்தும் விடவில்லை என்கிறார்கள். பயமும் நித்திரையின்மையும் வயிற்றைக் கட்டும், அதற்குப் பேதி மருந்தில்லை.

ஐம்பது வயதுக்குட்பட்ட ஆணுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம், பெண்ணுக்கு 25 கிராம் நார் வேண்டும் என்பது இந்நாட்டுக் கணக்கு. ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றிலே ஒரு கிராம்கூட இல்லை. ஒரு கோப்பை அவித்த பச்சைப்பயறிலே ஏறக்குறைய 15 கிராம். அம்மாமார் விடியக் கருப்பட்டியோடு அவித்துத் தந்த பயறு ஞாபகமிருக்கோ? குரக்கன் புட்டு, ஒடியற்கூழ், முருங்கையிலை வறை, தவிட்டரிசிச் சோறு, எல்லாவற்றையும் ஏழைச் சாப்பாடு என்று விட்டுவிட்டு வந்தோம். குரக்கன் மாவை இந்தியக் கடையிலே ‘ராகி’ என்று கேளுங்கோ, கிடைக்கும். நார் கூட்டும்போது தண்ணீரும் கூட்ட வேணும், இல்லாவிட்டால் இன்னும் இறுகும். ஒரேயடியாய்க் கூட்டினால் வயிறு ஊதும், கிழமைக்குக் கொஞ்சமாய்க் கூட்டுங்கோ. பத்தாதென்றால் ‘மெற்றாமுசில்’. அது வேறொன்றுமில்லை, இசப்கோல் உமிதான், குஜராத்திலே விளைவது.

கழிப்பறையிலே காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி வைத்துப் பாருங்கோ. ஊரிலே குந்தியிருந்த மாதிரி முழங்கால் உயர்ந்தால் வழி நேராகும். காசு செலவில்லாத வைத்தியம். ரசம், மோர், ஓமத் தண்ணி, இஞ்சிச் சம்பல், உள்ளி போட்ட கஞ்சி, எல்லாம் தாராளமாய்ச் சாப்பிடலாம். அரை வயிறு சோறு, கால் வயிறு தண்ணீர், கால் வயிறு வெறுமை என்று ஆயுர்வேதம் சொல்கிற கணக்கையும் கல்யாண வீட்டைத் தவிர மற்ற இடங்களில் கடைப்பிடிக்கலாம்.

டொக்டரிடம் கதைக்கிறது பற்றி ஒன்று சொல்லாமல் விட ஏலாது. 1847 இலே மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரைச் சேர்ந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். நியூயோர்க்கிலே டொக்டருக்குப் படித்தவர். மானிப்பாயிலே எங்கடை பொடியளுக்குத் தமிழிலேயே ஆங்கில வைத்தியம் படிப்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். வருத்தக்காரனுக்கு விளங்கும் மொழியிலே வைத்தியம் இருக்க வேணும் என்று ஒரு அமெரிக்கன் அவ்வளவு பாடுபட்டான். நாங்களோ அந்த அமெரிக்காவுக்கே வந்து, ‘பொடி ஹீற்’ என்று சொல்லி அண்ணையைப் பறிகொடுத்தோம். சூடு, மந்தம், வாய்வு என்ற சொற்களை ஆங்கிலத்தில் மாற்றாதையுங்கோ. கண்டதைச் சொல்லுங்கோ: இரத்தம், எத்தனை நாள், என்ன நிறம், எத்தனை இறாத்தல் மெலிந்தது. அரசாங்கப் பணம் பெறும் ஆஸ்பத்திரிகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாய் ஒழுங்கு செய்ய வேணும் என்பது சட்டம். ‘ரமில் இன்ரெர்பிறெற்றர்’ என்ற இரண்டு சொல் போதும், ரெலிபோனிலே ஒரு தமிழ்க் குரல் வரும். பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் மூலவியாதியை மொழிபெயர்க்க வைக்காதையுங்கோ, அந்தப் பிள்ளைக்கும் வெட்கம், உங்களுக்கும் வெட்கம், பாதி விஷயம் வெளியே வராது.

45 வயது தொடக்கம் எல்லோரும் பெருங்குடற் புற்றுநோய்ச் சோதனை செய்ய வேணும் என்று 2021 இலே இந்த நாட்டு நிபுணர் குழு வயதை 50 இலிருந்து குறைத்தது. மலத்தைச் சின்னப் பெட்டியிலே வைத்து அனுப்பும் சோதனை வருஷத்துக்கு ஒன்று, அல்லது குழாய்க் கமரா, எல்லாம் சரியென்றால் பத்து வருஷத்துக்கு ஒருமுறை. காப்புறுதி இல்லாதவர்கள் வருமானத்துக்கேற்பக் கட்டணம் எடுக்கும் சமுதாய சுகாதார நிலையத்திலே கேளுங்கோ. ஆஸ்பத்திரி என்றால் இந்த மாநிலத்து ‘சாரிற்றி கெயர்’ விண்ணப்பத்தைக் கேளுங்கோ. கமராவுக்கு முதல் நாள் இரவு டொக்டரே ஒரு பெரிய போத்தல் மருந்து தருவார், விடிய விடியப் பேதி. பேதி குடிக்க ஆசைப்படுகிறவர்கள் அந்த ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளலாம்! ஆனால் இரத்தம் கண்டவர்கள், காரணமில்லாமல் மெலிகிறவர்கள், வெளிக்குப் போகிற பழக்கம் திடீரென்று மாறினவர்கள் 45 வயதுக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எந்த வயதென்றாலும் போக வேணும், அந்தக் கிழமையே போக வேணும்.

ரெலிபோன் எடுத்த அக்கா முன் வரிசையிலே இருக்கிறா. எது திறம் என்று கேட்டா. அக்கா, அந்தப் பக்கற்றுகளைக் கைப்பையிலே கொண்டு வந்திருக்கிறீங்கள் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களும் குளிசைப் பெட்டியோடு வாங்கோ. வாசலடியிலே ஒரு மேசை போட்டிருக்கு, ஆறு மணி மட்டும் அதிலே இருப்பேன். நீங்கள் ஒன்றும் கேட்க முதல் நான் நாலைந்து கேள்வி கேட்பேன், கோபிக்கக் கூடாது. மோரும் கரைத்து வைத்திருக்கிறார்கள், அதைக் குடித்துக்கொண்டே வரலாம்.